பொம்மைக்குத் துவாய் போர்த்திய வகுப்பு

(கண்டியில் முதலுதவித் தொண்டர்களும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலுதவி வகுப்பில் ஏன் இவ்வளவு சிரிப்புச் சத்தம் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து அறையில் கூட்டம் நடத்துகிறவர்கள் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறார்கள். அதிபர்மார் கேட்டிருக்கிறார்கள். உயிர் போகிற விஷயத்தைப் படிக்கிற இடத்தில் இப்படியா என்று மனம் வருந்திக் கேட்ட பெரியவர்களும் உண்டு. கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்த வகுப்புகளை நடத்திவருகிறவள் என்ற முறையில் அதற்கான பதிலை இன்று விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பை நான் அடக்குவதில்லை. எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்கிறேன். வகுப்பு எங்கே சிரிக்கிறதோ அங்கே நம் ஆட்களுக்கு ஒரு கூச்சமோ பயமோ பழக்கமோ குறுக்கே நிற்கிறது. நாளைக்கு ரோட்டில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது கை நின்றுபோகப்போவதும் அங்கேதான். அந்த இடத்தை எனக்குக் காட்டிக்கொடுக்கிற சிரிப்பை நான் ஏன் அதட்ட வேண்டும்?

பொம்மையிலிருந்து தொடங்குகிறேன். நெஞ்சு அழுத்தப் பழகும் பொம்மையை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். தலை உண்டு, நெஞ்சு உண்டு, இடுப்போடு முடிந்துவிடும். ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்தேன். முன்வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் பதறிப்போய், "ஐயோ மிஸ், இந்தப் புள்ளைக்குக் காலு எங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் பொம்மையின் மேற்சட்டையைத் திறந்து, கை வைக்க வேண்டிய நெஞ்செலும்பைக் காட்டியபோது இன்னொருவர் எழுந்து வந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பொம்மையின் மேல் போர்த்திவிட்டு, "ஆம்பளைங்க இருக்காங்க மிஸ்" என்றார். இந்த முறை சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பின்வரிசை இளைஞர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

அந்தத் துவாயை நான் எடுக்கவில்லை. மெல்லிய துணிக்கு மேலாகவும் நெஞ்சை அழுத்தலாம், அழுத்தத் தொடங்குவதுதான் முக்கியம், துணியைக் கழற்றுவதில் ஒரு நிமிடத்தை வீணாக்க வேண்டாம் என்று சொன்னேன். துவாய் போர்த்திய அம்மாவையே முதலில் கூப்பிட்டேன். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்தினார். பொம்மைக்குள்ளிருந்து 'டிக்' என்று சத்தம் வந்தது. ஆழம் சரியாக இருந்தால் அந்தப் பொம்மை அப்படிச் சத்தம் கொடுக்கும். அன்று முதல் அழுத்தத்திலேயே அந்தச் சத்தத்தை வரவைத்தவர் அவர் ஒருவர்தான். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமக்கிற தோளின் பலம் அது.

பொம்மையைப் பார்த்துக் கூச்சப்படுவது நம் ஊர்க் குணம் என்று எண்ண வேண்டாம். அந்தப் பொம்மை பிறந்ததே கூச்சத்தை மனதில் வைத்துத்தான். நோர்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் அஸ்முண்ட் லேர்டால் என்றொரு விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் இருந்தார். பிள்ளைகளுக்கு மரப் பொம்மைகளும் பிறகு மென்பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்தவர். இரண்டு வயதான தன் மகன் நீரில் மூழ்கியபோது இழுத்தெடுத்துக் காப்பாற்றிய தகப்பன் அவர். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதுதான் சிறந்த முறை என்று 1950களின் பிற்பகுதியில் பீற்றர் சாஃபர் என்ற மயக்க மருந்து வைத்தியர் நிரூபித்த பிறகு, அதைப் பழகுவதற்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. உயிருள்ள மனிதர் மேல் பழக முடியாதல்லவா? லேர்டால் 1960இல் அந்த உருவத்தைச் செய்து கொடுத்தார். ஆணின் முகத்தை வைத்தால் ஆண்கள் வாய் வைக்கத் தயங்குவார்கள் என்று நினைத்துப் பெண்ணின் முகத்தைத் தேர்ந்தார். பாரிஸ் நகரின் சென் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண் ஒருத்தியின் முக அச்சு ஒரு காலத்தில் ஐரோப்பிய வீடுகள் பலவற்றில் அலங்காரமாகத் தொங்கியது. அவர் தேர்ந்த அந்த முகம்தான் இன்று உலகம் முழுக்க முதலுதவி வகுப்புகளில் கிடக்கிறது.

ஆக, நோர்வேக்காரர்கள் கூச்சப்படுவார்கள் என்று ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். ஹந்தானைத் தோட்டத்து அம்மாவின் துவாயும் அந்த யோசனைதான். பயிற்சி கொடுக்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல், "இதிலே என்ன வெட்கம்?" என்று அதட்டும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வெட்கம் இருக்கிறது. அதைக் கடக்க வழிகாட்டுவது நம் வேலை.

வாயில் வாய் வைக்க மனம் வராதவர்களுக்கு இன்று ஒரு வழி இருக்கிறது. வளர்ந்த ஒருவர் திடீரென்று சுருண்டு விழுந்து மூச்சின்றிக் கிடந்தால், பயிற்சி இல்லாதவர்கள் நெஞ்சை மட்டும் விடாமல் அழுத்தினாலும் போதும் என்று உலகெங்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் நாம் மகாவலிக் கரையில் வாழ்கிறவர்கள். கெட்டம்பையிலும் பேராதனையிலும் குளிக்க இறங்குகிற பிள்ளைகளை ஆறு இழுத்துக்கொண்டு போகிற செய்தியைப் படிக்கிறவர்கள். நீரில் மூழ்கியவருக்கும் சிறு பிள்ளைக்கும் மூச்சு கொடுப்பது மிக மிக அவசியம். அதனால் பொம்மையின் வாயைத் துடைத்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வகுப்பைக் கொண்டுவருவேன்.

இனி எண்ணிக்கை. வளர்ந்தவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. சத்தமாக எண்ணச் சொல்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்மவர்கள் நன்றாகத்தான் தொடங்குவார்கள். இருபதைத் தாண்டியதும் இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று நாக்கு இழுபடும், நாக்குக்காகக் கையும் காத்து நிற்கும். கண்டி நகர வகுப்புகளில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த பொம்மைகளில் பழகுவார்கள். பக்கத்துப் பொம்மையில் சிங்களத்தில் எண்ணுகிறவர் முப்பதை முடித்து மூச்சு கொடுக்கக் குனியும்போது நம் தம்பி இருபத்தாறில் நிற்பான். "வேகமா எண்ணுடா" என்று ஒரு கூட்டம் அவனைத் தூண்டும். அவன் அடுத்த சுற்றில் எண்களை விழுங்கத் தொடங்கி இருபத்தொன்றிலிருந்து நேரே முப்பதுக்குத் தாவிவிடுவான். அதனால் நான் பத்துப் பத்தாக மூன்று முறை எண்ணச் சொல்கிறேன். நாக்கும் கையும் ஒன்றாகப் போகின்றன.

மேற்கு நாடுகளில் இந்த வேகத்தைப் பழக்க 1977இல் வெளிவந்த 'ஸ்டேயிங் அலைவ்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். நிமிடத்துக்கு 103 தட்டு அதில் விழுகிறது. நம் மலைநாட்டுக்கு அந்தப் பாட்டு எதற்கு? தப்பு மேளம் இருக்கிறதே. கலஹாப் பக்கத் தோட்டமொன்றில், காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிற இளைஞன் ஒருவன் வகுப்புக்கு வந்திருந்தான். பொம்மையில் கை வைத்ததும் தாளம் அப்படியே இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன், பிசகில்லை. ஆனால் கூத்தில் தாளம் ஒரே நிலையில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். இவனும் ஏற்றிக்கொண்டே போனான். பக்கத்திலிருந்த கூட்டுக்காரன், "டேய், காமன எரிச்சிராதடா!" என்று கத்தினான். மண்டபமே குலுங்கியது. வேகம் கூடினால் என்ன கெட்டுப்போகும் என்று அந்த நிமிடத்தில்தான் விளக்கினேன். நெஞ்சு முழுதாக மேலே எழும்பினால்தான் இதயத்தில் இரத்தம் நிறையும். நிறையாத இதயத்தை அழுத்தி என்ன பயன்? அவனுக்கு உடனே புரிந்தது. அதன்பின் மற்றவர்கள் அழுத்தும்போது ஒரு வாங்கில் விரலால் தட்டித் தாளம் கொடுத்தவன் அவன்தான்.

பேராதனைப் பக்கம் ஆசிரியர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் ஒருவரை மயங்கியவராகப் படுக்க வைத்தோம். பகல் சாப்பாடு முடிந்த நேரம். ஆறு பேர் முறை வைத்து அவரைப் பக்கவாட்டாகத் திருப்பிப் படுக்கவைக்கப் பழக வேண்டும். மூன்றாமவர் வருவதற்குள் மல்லாக்கப் படுத்திருந்தவரிடமிருந்து குறட்டை கிளம்பியது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் சத்தம் போடாதீர்கள் என்று கை காட்டிவிட்டு, நெற்றியில் ஒரு கையும் நாடியில் இரண்டு விரலும் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து நாடியை மெதுவாக உயர்த்தினேன். குறட்டை நின்றது. விட்டேன், திரும்ப வந்தது. மயங்கிக் கிடக்கிறவரிடம் குறட்டைச் சத்தம் வந்தால் "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுவார்கள். நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சு வழியைப் பாதி அடைக்கிறது என்பதே அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்காது. அவர் கண் விழித்து, "முடிஞ்சிருச்சா மிஸ்?" என்று கேட்டபோது வந்த சிரிப்பையும் சேர்த்து அந்தப் பாடம் அந்த ஆசிரியர்களுக்கு மறக்காது.

கண்டியில் முதலுதவி என்றதும் பெரஹரா நினைவுக்கு வரும். எசல பெரஹரா நாட்களில் செஞ்சிலுவைச் சங்கத்துத் தொண்டர்களும் சென். ஜோன் அம்புலன்ஸ் படையினரும் வீதியோரங்களில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல இடம் பிடிக்க வேண்டுமென்று பகலிலேயே பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிற சனம், வெயில், தண்ணீர் குடிக்காத வயிறு, இரவில் கொப்பறாப் பந்தங்களின் புகை. மயங்கி விழுவதற்கு வேறென்ன வேண்டும்? இதற்குத் தயார்படுத்த நான் ஒரு நாடகம் வைப்பேன். ஒருவர் விழ வேண்டும், ஒருவர் முதலுதவியாளர், மற்ற எல்லோரும் கூட்டம். கூட்டமாக நடிக்க யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் சோடாப் போத்தலைத் தேடுவார். ஒருவர் கற்பனைப் பையிலிருந்து சித்தாலேப தைலம் எடுத்து நெற்றியில் தேய்ப்பார். ஒருவர் கன்னத்தில் தட்டுவார். "காத்து விடுங்க, காத்து விடுங்க!" என்று எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்துகிறவர், விழுந்தவரின் முகத்துக்கு நேர் மேலே குனிந்து நிற்பார். முதலுதவியாளருக்கு நோயாளியின் கால்கூடக் கண்ணில் படாது.

கூட்டம் தன்னைத் தானே பார்த்துச் சிரித்து ஓய்ந்த பிறகு, இரண்டாம் முறை அதே நாடகம். இப்போது முதலுதவியாளர் முதலில் கூட்டத்துக்கு வேலை கொடுப்பார். "அண்ணே, நீங்க ஆளை ஒதுக்குங்க. அக்கா, நீங்க இந்தக் குடையை விரிச்சுப் பிடிங்க. தம்பி, நீ பொலிசாரிடம் ஓடு." சோடா தேடியவருக்கும் தைலம் தேய்த்தவருக்கும் உதவ வேண்டும் என்ற நல்ல மனம்தான். வேலை கிடைத்ததும் அவர்கள் வழிவிடுகிறார்கள். மயங்கியவரைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். தெளியாவிட்டால் அது சாதாரண மயக்கம் இல்லை.

இந்தப் பகுதிகளில் பாம்புக்கடி வகுப்பு இல்லாமல் முடியாது. ஒரு கயிற்றுத் துண்டைப் பாம்பென்று தரையில் போட்டு, ஒருவரைக் கடிபட்டவராக உட்கார வைத்து, "இப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஐந்து பேர் எழுந்தார்கள். ஒருவர் விளக்குமாற்றை எடுத்தார், ஒருவர் வாங்குக் காலைப் பிடித்தார். ஐந்து பேரும் அந்தக் கயிற்றைத் துரத்தி, அடித்து, கதவுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கடிபட்டவர் மண்டபத்தின் நடுவே தனியாக உட்கார்ந்து, "என்னைய யாராச்சும் பாருங்கப்பா!" என்று கூப்பிட்டார். வெளியே போனவர்கள் திரும்பி வந்து வாசலில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. நம் ஊரில் நிஜத்தில் நடப்பதும் இதுதான் என்று அவர்களே சொன்னார்கள்.

கொழுந்து மலைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சருகுக்குள் சுருண்டு கிடக்கிற குழிவிரியன், சிங்களத்தில் குனகட்டுவா என்பார்களே, அதன் கடிதான் இந்த நாட்டில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிற விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன் முதலானவற்றின் விஷத்துக்குக் கேட்கும், குழிவிரியனின் விஷத்துக்குக் கேட்காது. அதனால் எது கடித்தது என்று தெரிந்தால் வைத்தியருக்கு உதவிதான். அதற்காகத் துரத்திப் பிடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம். தூர நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.

தீக்காயத்துக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டால் பற்பசை என்று ஒரே குரலில் பதில் வரும். வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள். வலிப்புக்குக் கையில் இரும்புச் சாவி. நான் யாரையும் இதற்காகக் குறை சொல்வதில்லை. தீக்காயத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும், வேறொன்றும் பூசக்கூடாது என்று சொல்லிச் செய்தும் காட்டிய பிறகு, ஒரு பாட்டி கை உயர்த்தி, "தண்ணி ஊத்துறேன் மிஸ், நீங்க சொன்னபடி ஊத்துறேன். அதுக்கப்புறம் மனசு ஆறுதலுக்குக் கொஞ்சூண்டு பேஸ்ட்டு தடவிக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உள்ளத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அவர் கேட்காவிட்டால் அங்கிருந்த பாதிப் பேர் வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்திருப்பார்கள். பற்பசை சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், பிறகு வைத்தியர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும், பிள்ளை துடிக்கும் என்று அந்தப் பாட்டிக்குச் சொன்ன பதிலில் மண்டபம் முழுவதும் காதைக் கொடுத்தது.

முக்கோணக் கட்டுத்துணியைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்மார்க் என்ற ஜெர்மானியப் படை வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துணியைப் போர்வீரர்களிடம் பரப்பியபோது, எந்தக் காயத்துக்கு எப்படிக் கட்டுவது என்ற படங்களைத் துணியிலேயே அச்சிட்டார். நம் வகுப்புத் துணியில் படம் இல்லை, அதனால் நூறு விதமாகக் கட்டுகிறார்கள். கையைத் தொங்கவிடும் கட்டுப் போட்டுக்கொண்ட ஒரு பாடசாலைப் பையன், முடிச்சு அவிழாததால் அப்படியே பஸ் ஏறினான். ஒரு பெரியவர் இடம் கொடுத்தார், கொண்டக்டர் காசு வாங்கவில்லை, பக்கத்திலிருந்த அம்மா வாழைப்பழம் உரித்து ஊட்டினார். உண்மையைச் சொல்ல வாய் வராமல் அவன் வீடு வரைக்கும் அந்தக் கையை அசைக்காமலே போனான். அடுத்த வாரம் அவன் இதைச் சொன்னபோது, வலதை இடதின் மேல், இடதை வலதின் மேல் என்று இலகுவாக அவிழும் முடிச்சை எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் என் மனதில் பெரிதாக நிற்பது.

ஒரு தோட்டத்தில் முகாமையாளரான பெரிய துரையே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். நோயாளியாகப் படுக்க ஆள் கேட்டபோது, "நான் படுக்கிறேன்" என்று கீழே பாய் விரிக்கச் சொல்லிப் படுத்துவிட்டார். முதலுதவி செய்ய வேண்டிய முறை கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவுக்கு. மெலிந்த உடம்பு. அவர் வந்தார், நின்றார். துரை தரையில் படுத்திருக்க, தான் நின்றுகொண்டிருப்பதே அவருக்குத் தாங்கவில்லை. முட்டி போட்டார். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். இரண்டு விரல் நுனியால் சட்டையை மட்டும் தொட்டு, "தொரை... தொரைங்களே... மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றார். துரையும் பழக்க தோஷத்தில், "என்ன விஷயம்?" என்று கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்படி ஒரு சிரிப்பை அந்தத் தோட்டம் கேட்டிருக்காது. கங்காணிமார் சிரித்தார்கள், கணக்கப்பிள்ளை சிரித்தார், துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

இதே கண்டி மாவட்டத்தில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். அன்றிலிருந்து 150 வருஷத்துக்கும் மேலாகத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு தூரம் இருந்துவருகிறது. எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், யார் உடம்பை யார் தொடலாம் என்பதெல்லாம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. அந்தத் தூரத்தோடு முதலுதவி செய்ய முடியாது. சிரித்து முடித்ததும் துரையே, "இல்லை, திரும்பச் செய்வோம், நல்லா உலுக்கிக் கூப்பிடு" என்றார். இரண்டாம் முறை அக்கா முழுக் கையையும் தோளில் வைத்தார். "ஐயா! கேக்குதா? கண்ணைத் தொறங்க!" என்று மண்டபம் அதிரக் கூப்பிட்டார். தூரத்துக் கையை எடுத்து எதிர்க் கன்னத்தில் வைத்தார், தூரத்து முழங்காலை மடக்கினார், அந்த முழங்காலைத் தன் பக்கம் இழுத்தார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரே இழுப்பில் பக்கவாட்டாகத் திரும்பியது. பலம் எதுவும் தேவைப்படவில்லை, மடக்கிய முழங்கால் நெம்புகோலாக வேலை செய்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள்.

இன்னொன்று, அம்புலன்ஸைக் கூப்பிடுகிற பயிற்சி. 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடுகிற 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையிலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. காசு வாங்குவதில்லை. இரண்டு பேரை முதுகுக்கு முதுகாக உட்கார வைத்து, ஒருவர் கூப்பிடுகிறவர், மற்றவர் 1990 என்று வைத்துக் கதைக்கச் சொல்வேன்.

"எங்க இருந்து கதைக்கிறீங்க?"

"வீட்டுல இருந்து."

"வீடு எங்க இருக்கு?"

"லயத்துல."

"எந்த லயம்?"

"மாரியம்மன் கோயிலுக்கு மேல் லயம்."

"எந்த மாரியம்மன் கோயில்?"

"நம்ம மாரியம்மன் கோயில்தாங்க!"

வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். எல்லாத் தோட்டத்திலும் இந்த உரையாடல் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. அவர்களுக்கு ஒவ்வொரு மலையும் நம்பர் சொன்னால் தெரியும். ஏழாம் நம்பர் மலையில் எந்தக் கல் வழுக்கும் என்றுகூடத் தெரியும். ஆனால் லயம் என்கிற வரிசை வீடுகள் பலவற்றுக்குச் சொந்த முகவரி என்று ஒன்று இல்லை. கடிதம்கூடத் தோட்டத்து ஒபிசுக்கு வந்துதான் பிரிகிறது. தபாலுக்கு இல்லாத முகவரி அம்புலன்ஸுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? குளவி கொட்டி ஒரு மலையில் பத்துப் பேர் விழுந்து கிடக்கும் நேரத்தில், ஒருவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைபடும் நேரத்தில், இந்த உரையாடல் சிரிப்பு இல்லை.

அதனால் சிரித்து முடித்த கையோடு ஒரு மட்டையும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்கிறேன்: தோட்டத்தின் பெயர், பிரிவு, எந்தப் பிரதான ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், அம்புலன்ஸ் எதுவரை ஏறும், அதற்கு மேல் எவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டும். ஒரே சந்திக்கு மூன்று பெயர் இருப்பது அப்போது வெளிவரும், மறுபடியும் சண்டை, மறுபடியும் சிரிப்பு. கடைசியில் ஒரு பெயரை முடிவு செய்து, மூன்று மொழியிலும் எழுதி, லயத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். சந்தியில் டோர்ச்சோடு நிற்கப்போகிறவர் யார் என்பதையும் அன்றே பேசிவைக்கிறார்கள்.

எல்லாச் சிரிப்பையும் நான் விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முட்டி மடக்க முடியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்து இளவட்டங்கள் சிரித்தால், எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதைப் பார்த்துச் சிரித்தால், அங்கேயே வகுப்பை நிறுத்துவேன். அப்படிச் சிரிக்கப்பட்டவர் அடுத்த முறை வர மாட்டார். நிஜமாக ஒருவர் விழும்போதும் ஒதுங்கி நிற்பார். சூழ்நிலையைப் பார்த்து எல்லோருமாகச் சிரிப்பது வேறு, ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. பயிற்சியாளருக்கு இந்த வித்தியாசம் காதிலேயே கேட்க வேண்டும்.

கடைசியாக நிர்வாகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டால் ஒபிசிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் அனுப்புகிறீர்கள். அவர்களும் கற்கட்டும். ஆனால் குளவி கிளம்புகிற நேரத்தில் மலையில் நிற்கிறவர்கள் கொழுந்து பறிக்கிற பெண்கள். முதல் ஐந்து நிமிடம் அவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லாதீர்கள். துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். வேலை நாளில், மலைக்கு இரண்டு பெண்களாக அனுப்புங்கள். அரை நாள் கூலியாக அரைப் பேர் வெட்டாமல், அன்றைக்கு முழு நாள் கூலிக்கு முழுப் பேர் போட்டு அனுப்புங்கள். பொம்மையை நான் கொண்டுவருகிறேன்.